பார்த்துக்கொள்வதும் கண்காணிப்பதும்

தமிழ்நாட்டில் பள்ளிப் படிப்பை முடித்த யாரும் தங்கள் மாற்றுச் சான்றிதழை எடுத்துப் பார்த்தால் அதில் ‘அங்க அடையாளங்கள்’ என்று ஒரு பகுதி இருக்கும். பெரும்பாலும் இரண்டு வரிகள். வலது முழங்கையில் ஒரு மச்சம். இடது கன்னத்தில் ஒரு மச்சம். பத்தாம் வகுப்பில் ஆசிரியர் ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு “எங்கடா மச்சம் இருக்கு, காட்டு” என்று கேட்டு எழுதிக்கொண்டது பலருக்கு நினைவிருக்கலாம். மச்சம் கிடைக்காதவர்கள் சைக்கிளில் விழுந்த தழும்பைக் காட்டித் தப்பித்துக்கொள்வார்கள். இதற்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கை எளிமையானது: முகம் மாறும், உயரம் மாறும், கையெழுத்து மாறும், மச்சம் மாறாது. ஆகவே இவன்தான் அவன்.

நம் பேச்சிலும் இதே நம்பிக்கை வேறு உருவத்தில் இருக்கிறது. எதிர்பாராமல் ஒருவனுக்கு நல்லது நடந்தால் ‘உனக்கு மச்சம்டா’ என்கிறோம். அதிர்ஷ்டசாலி என்றால் மச்சக்காரன். எந்த இடத்தில் மச்சம் இருந்தால் என்ன பலன் என்று பட்டியல் போட்ட சாஸ்திரம் இருக்கிறது, அதைப் படித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நிற்காதவர்கள் குறைவு. சான்றிதழுக்கு மச்சம் ஒரு முத்திரை, சாஸ்திரத்துக்கு அது தலையெழுத்து. ஒருமுறை எழுதினால் அழியாது என்ற எண்ணம் இரண்டுக்கும் பொது.

உடம்பு அப்படி நினைப்பதில்லை. தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட் செல்கள் ஓரிடத்தில் கூட்டமாகச் சேர்ந்தால் அது மச்சம். சுமார் 100 குழந்தைகளில் ஒன்று மச்சத்தோடு பிறக்கிறது. மற்றவர்களுக்குக் கொஞ்சம் வளர்ந்த பிறகு ஒன்றொன்றாக வரத் தொடங்கும்; பதின்வயதில் கூடும்; முப்பதுகள் வரைகூடப் புதிதாக வரும்; பிறகு வயது ஏற ஏறச் சில மங்கி மறைந்துபோகும். குழந்தை வளரும்போது மச்சமும் கூடவே வளரும். தட்டையாக இருந்தது மேடாகும். பழுப்பு கறுக்கும், கறுப்பு வெளுக்கும். சிலதில் முடி முளைக்கும். சிலதைச் சுற்றி வெள்ளை வளையம் விழுந்து, உள்ளே இருந்த மச்சமே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடும். இவை எல்லாமே நோயில்லாத குழந்தைக்கு நடப்பவை.

என் கேள்வி இங்கிருந்து தொடங்குகிறது. மாறுவதையே இயல்பாகக் கொண்ட ஒன்றை, மாறுகிறதா மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பது என்ன மாதிரியான காரியம்? எதுவரை அது அக்கறை?

*

இது எனக்கு வெறும் யோசனைக்கான கேள்வி இல்லை. என் மகளுக்கு ஏழு வயது. அவள் முதுகில், இடது தோள்பட்டைக்குக் கீழே, பிறவியிலேயே ஒரு மச்சம். பிறந்தபோது பட்டாணி அளவு, இப்போது புளியங்கொட்டை அளவு. நெய்வேலி நகரியத்தில் குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். மனைவிக்குச் சுரங்கத்தில், நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்தும் பிரிவில் வேலை. நான் பின்னறையில் உட்கார்ந்து வெளியூர் கம்பெனி ஒன்றுக்கு மென்பொருள் எழுதுகிறேன். ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்களில் ஏதாவது வழக்கத்துக்கு மாறாக நடக்கிறதா என்று பார்த்து அலெர்ட் அனுப்பும் நிரல்கள்தான் என் சாப்பாடு.

மூன்று வருடம் முன்னால் மகளைத் தோல் டாக்டர் ஒருவரிடம் காட்டினோம். லென்ஸ் வைத்துப் பார்த்தார். “சாதாரண பிறவி மச்சம்தான், பயப்பட ஒண்ணுமில்ல. பக்கத்துல ஒரு ஸ்கேல் வெச்சு போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. வருஷத்துக்கு ஒருதரம் பார்த்தா போதும். ரத்தம் வந்தா, புண்ணானா, திடீர்னு கட்டி மாதிரி எழும்பினா மட்டும் உடனே வாங்க” என்றார்.

வருஷத்துக்கு ஒருதரம் என்பது என் தொழிலில் இல்லாத அலகு. நாங்கள் நிமிடத்துக்கு ஒருதரம் பார்ப்பவர்கள். ஆகவே மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, அவள் குளிக்கப் போவதற்கு முன், ஜன்னல் வெளிச்சத்தில் நிற்கவைத்துப் படம் எடுப்பது வழக்கமானது. முதுகு மச்சத்தை மட்டும் எடுப்பதில் அர்த்தமில்லை என்று தோன்றியதால் எல்லா மச்சங்களையும் எடுத்தேன். இப்போதைக்கு இருபத்து மூன்று. இந்த மாதப் படத்தையும் போன மாதப் படத்தையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து, நிறத்தைச் சமப்படுத்தி, வித்தியாசம் இருக்கும் இடத்தைச் சிவப்பாகக் காட்டும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று உண்டு. எழுத ஒரு ராத்திரிதான் ஆனது.

போன மழைக்காலத்தில் அவளுடைய பள்ளித் தோழி வீட்டுக்கு வந்திருந்தாள். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தார்கள். திடீரென்று என் மகள் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துத் திருப்பி, “இது புதுசா, முன்னாடியே இருந்ததா? உங்க அப்பா போட்டோ எடுக்கலையா?” என்று கேட்டாள். அந்தப் பெண் கையை இழுத்துக்கொண்டாள். அன்று ராத்திரி படுக்கையில் மகள் என்னிடம் கேட்டாள்: “அப்பா, அவளுக்கு இருக்கறது கெட்ட மச்சமா?”

‘கெட்ட மச்சம்’ என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. அவளாகக் கண்டுபிடித்துக்கொண்டாள். யாரும் எதையும் தேடாமல் மாதாமாதம் இவ்வளவு கவனமாகப் பார்க்க மாட்டார்கள் என்பது ஏழு வயதுக்குப் புரியும் விஷயம்தான்.

*

முதலில் கணக்கைப் பார்ப்போம். பெரியவர்களின் மச்சத்தைப் பார்க்க ஒரு விதி உண்டு. 1985இல் நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவர்கள் முன்வைத்தது. ஏபிசிடி விதி என்பார்கள். இரண்டு பாதியும் ஒன்றுபோல இல்லையா, ஓரம் ஒழுங்கற்று இருக்கிறதா, பல நிறங்கள் கலந்திருக்கின்றனவா, குறுக்களவு 6 மில்லிமீட்டருக்கு மேலா. 2004இல் இதோடு ‘ஈ’யும் சேர்ந்தது: மாறிக்கொண்டு வருகிறதா? மெலனோமா என்ற தோல் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க இந்த விதி பெரியவர்களிடம் உதவியிருக்கிறது.

குழந்தைகளிடம் இதே விதியை வைத்தால் குழம்பிப்போகும். ஐந்தாவது கேள்விக்கு எல்லாக் குழந்தைகளிடமும் ‘ஆமாம்’ என்பதே பதில். இன்னொரு பக்கம், குழந்தைகளுக்கு மிக அரிதாக வரும் மெலனோமா பல சமயம் கறுப்பாகவே இருப்பதில்லை. இளஞ்சிவப்பாக, மேடாக, சமச்சீராக, பரு போல இருக்கும். மச்சம் கறுக்கிறதா என்று தேடும் கேமரா அதை விட்டுவிடலாம். நம் ஊர்த் தோலில் மெலனோமா வெள்ளைத் தோலைவிட மிகக் குறைவு. வந்தாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று மச்சக் கணக்கெடுப்பில் யாரும் சேர்க்காத இடங்களில் வருவது அதிகம். பாப் மார்லிக்குக் கால் கட்டைவிரல் நகத்தின் கீழேதான் வந்தது. 1977இல் கண்டுபிடித்தார்கள், 1981இல் முப்பத்தாறு வயதில் இறந்துபோனார்.

ஒரு பேச்சுக்கு, ஒரு லட்சம் குழந்தைகளில் ஒருவருக்கு மெலனோமா இருப்பதாக வைத்துக்கொள்வோம். என் ஸ்கிரிப்ட் 100க்கு 95 முறை சரியாகச் சொல்லும் என்றும் தாராளமாக வைத்துக்கொள்வோம். நோயுள்ள அந்த ஒரு குழந்தையை அது அநேகமாகப் பிடித்துவிடும். கூடவே நோயில்லாத சுமார் 5,000 குழந்தைகளையும் பிடிக்கும். அன்று ராத்திரி அந்த 5,000 வீடுகளில் யாரும் தூங்க மாட்டார்கள். அதில் சில குழந்தைகளுக்கு மச்சத்தை வெட்டியெடுப்பார்கள். சின்னக் குழந்தை அசையாமல் படுக்காது என்பதால் மயக்க மருந்து கொடுக்க வேண்டிவரலாம். தழும்பு மிச்சமிருக்கும். எங்கள் தொழிலில் ராத்திரி மூன்று மணிக்குப் பொய் அலெர்ட் வந்தால் எழுந்து பார்த்துவிட்டு, திட்டிவிட்டுப் படுத்துவிடுவோம். சர்வருக்குத் தழும்பு விழாது.

அமெரிக்காவில் மருத்துவப் பரிசோதனைகளை மதிப்பிட்டுப் பரிந்துரைக்கும் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2023இல் இதைப் பற்றிப் பேசியது. அறிகுறி ஏதுமில்லாத வளரிளம் பருவத்தினரையும் பெரியவர்களையும் மருத்துவர் கண்ணால் முழுத்தோல் பரிசோதனை செய்வதில் நன்மை அதிகமா தீங்கு அதிகமா என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. மெலனோமா நம்மைவிடப் பலமடங்கு அதிகமாக வரும் நாட்டில், பயிற்சி பெற்ற கண்களைப் பற்றிய முடிவு இது.

*

தேடுவதால் என்ன கெட்டுவிடும், கிடைக்காவிட்டால் நிம்மதிதானே என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்பேன். இதற்கு ஜப்பானில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நியூரோபிளாஸ்டோமா என்று குழந்தைகளுக்கு வரும் ஒரு புற்றுநோய். அது இருந்தால் சிறுநீரில் சில வேதிப்பொருள்கள் கூடும். 1980களின் நடுவிலிருந்து ஜப்பான் நாடு முழுவதும் ஆறு மாதக் குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்தது. எளிய சோதனை, வலியில்லை, நோக்கத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நிறைய கட்டிகள் கண்டுபிடிக்கப்பட்டன. நிறையக் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் நடந்தன.

பிறகுதான் ஒரு விஷயம் தெளிவானது. அந்த வயதில் வரும் இந்தக் கட்டிகளில் பல, யாரும் தொடாவிட்டால் தானாகவே சுருங்கி மறைந்துவிடும். சோதித்திராவிட்டால் அந்தப் பெற்றோருக்குத் தெரியவே வந்திராது. 2002இல் ஜெர்மனியிலிருந்தும் கனடாவின் கியூபெக் மாகாணத்திலிருந்தும் இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. சோதனையால் கண்டுபிடிப்புகள் கூடினவே தவிர, இறப்பு குறையவில்லை. அதையொட்டி ஜப்பானும் திட்டத்தை நிறுத்தியது. கொஞ்சம் பயன் இருந்தது என்று வாதிட்ட ஜப்பானிய ஆய்வு ஒன்றும் 2008இல் வந்தது. ஆனால் தேவையில்லாமல் சிகிச்சை பெற்ற குழந்தைகள் இருந்தார்கள் என்பதில் சண்டை இல்லை. அந்தக் குழந்தைகள் யார் யார் என்பதும் யாருக்கும் தெரியாது. ‘என் பிள்ளை பிழைத்தது’ என்று நினைக்கும் ஒரு தாய்க்கும், ‘என் பிள்ளைக்கு வீணாக அறுத்தார்கள்’ என்று நினைக்க வேண்டிய ஒரு தாய்க்கும் கையில் இருக்கும் தாள்கள் ஒன்றுதான்.

குழந்தையின் தோலைத் தேடிப் பார்த்ததற்கு நம் ஊரிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. அதையும் சொல்லாவிட்டால் நான் ஒருபக்கமாகப் பேசுவதாகிவிடும். 1955இல் தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. பழைய தென்னாற்காடு, வடாற்காடு, செங்கல்பட்டு மாவட்டங்கள் தொழுநோய் மிகுந்திருந்த பகுதிகள். பள்ளிகளுக்கு ஆய்வாளர்கள் வருவார்கள். தென்னாற்காட்டுக் கிராமம் ஒன்றில் படித்த என் அப்பா இப்போதும் சொல்வார்: பையன்களைச் சட்டையைக் கழற்றச் சொல்லி வெளிச்சத்தில் வரிசையாக நிற்கவைப்பார்கள். வெளிறிய படை இருந்தால் அந்த இடத்தில் பஞ்சால் தொட்டு “தெரியுதா, தெரியலையா” என்று கேட்பார்கள். தேமல் இருந்த பையன்கள் பயந்துகொண்டே நிற்பார்கள். பேர் எழுதப்பட்டவன் அடுத்த நாளிலிருந்து பெஞ்சின் ஓரத்தில் உட்காருவான்.

அந்தப் பார்வை வீண் என்று என்னால் சொல்ல முடியாது. தொழுநோய் அன்று அரிதான நோய் இல்லை. தொட்டுப் பார்த்தால் தேமலையும் தொழுநோயையும் பெரும்பாலும் பிரித்துவிடலாம். கண்டுபிடித்தால் கொடுக்க மருந்து இருந்தது; 1980களில் கூட்டு மருந்து வந்த பிறகு ஆறு மாதத்திலோ இரண்டு வருடத்திலோ முழுதாகக் குணப்படுத்தவும் முடிந்தது. சீக்கிரம் கண்டுபிடித்ததால் மடங்காமல் தப்பித்த விரல்கள் எத்தனையோ. 2005 டிசம்பரில் இந்தியாவில் 10,000 பேருக்கு ஒருவருக்கும் கீழே நோய் குறைந்ததற்கு அந்த வரிசைகளும் ஒரு காரணம். அதே சமயம், குழந்தைகளுக்கு வரும் ஒற்றைப் படைகளில் கணிசமானவை மருந்தில்லாமலே மறைந்துவிடும் என்பதும் மருத்துவர்களுக்குத் தெரிந்திருந்தது. படை மறைந்த பிறகும் பெஞ்சு ஓரம் மறையவில்லை என்பது அப்பாவின் வாக்குமூலம். நல்லது செய்த பார்வைக்கும் ஒரு விலை இருந்தது. அதைப் பார்த்தவர்கள் கொடுக்கவில்லை, பார்க்கப்பட்டவர்கள் கொடுத்தார்கள்.

*

இதையெல்லாம் ஒருநாள் இரவு சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன். “உன் வேலையும் இதுதானே, நாள் முழுக்க அளந்துகிட்டேதானே இருக்க?” என்றேன்.

அவள் வேலையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இந்த ஊர்க் கதை தண்ணீரில்தான் ஆரம்பிக்கிறது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் போட்ட கிணற்றில் தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது என்பது இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. 1956இல் நிறுவனம், 1957இல் சுரங்க வேலை, 1961இல் முதல் நிலக்கரி. பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே மணலில் அடைபட்ட நீர் இருக்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ என்ற அழுத்தத்தில் அது மேல்நோக்கித் தள்ளுகிறது. மேலே இருக்கும் மண்ணை அகற்றிவிட்டால் சுரங்கத்தின் தரை பொத்துக்கொண்டு வந்துவிடும். அதனால் ராப்பகலாகப் பம்புகள் ஓடுகின்றன. சுற்றிலும் குழாய்க்கிணறுகளில் நீர்மட்டத்தை அளந்துகொண்டே இருக்கிறார்கள்.

“நாங்க பார்க்கறதும் நீங்க பார்க்கறதும் ஒண்ணா?” என்றாள். “அங்க தண்ணி தள்ளுதான்னு சந்தேகமே இல்ல, தள்ளுது. எவ்வளவு ஏறினா ஆபத்துன்னு ஒரு அளவு இருக்கு. ஏறினா எந்தப் பம்பை ஓட்டணும்னும் தெரியும். நீங்க சிவப்பா ஒரு கோடு பார்த்தா என்ன செய்வீங்க?”

“டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவேன்.”

“அவர் என்ன சொல்வார்?”

“அடுத்த வருஷம் பார்க்கலாம்பார்.”

“அப்ப அந்தக் கோடு யாருக்கு?”

நான் ரசத்தை ஊற்றிக்கொண்டேன். அவளே தொடர்ந்தாள். “இன்னொண்ணும் இருக்கு. நாங்க பார்க்கறது தரைக்குத் தெரியாது.”

இந்தக் கடைசி வாக்கியத்தோடு நான் பல நாள் இருந்தேன். அவள் சொன்ன முதல் மூன்றும் எந்தக் கண்காணிப்புக்கும் பொருந்தும் பொறியியல் நிபந்தனைகள்: ஆபத்து நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும், அளவுக்கு அர்த்தம் இருக்க வேண்டும், அளந்த பிறகு செய்வதற்கு ஏதாவது இருக்க வேண்டும். மண்ணுக்கு இந்த மூன்று போதும். மனுஷருக்கு நான்காவதாக ஒன்று வேண்டும். பார்க்கப்படுகிறோம் என்பது பார்க்கப்படுபவருக்குத் தெரியும். தெரிந்தால் அவர் மாறுவார். என் அட்டவணையில் இருபத்து மூன்று வரிகள் இருக்கின்றன. அந்த மூன்று வருடத்தில் அவளிடம் நிகழ்ந்த மிகப் பெரிய மாற்றம், அதாவது தோழியின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்க்கும் பார்வை, எந்த வரியிலும் இல்லை.

2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைகளைப் பின்தொடர்வதையும் அவர்கள் நடத்தையைக் கண்காணிப்பதையும் நிறுவனங்களுக்குத் தடைசெய்கிறது. அதே சட்டம், தனிமனிதர் தன் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காக வைத்திருக்கும் தரவுக்குப் பொருந்தாது. நியாயம்தான், அப்பா அம்மாவை நம்பாமல் யாரை நம்புவது? ஆனால் சட்டம் கதவுக்கு வெளியே நின்றுவிடுவதால், உள்ளே இருக்கும் கேள்வியை நாங்களேதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

*

தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று கண்காணிப்பு. கண்காணி என்பது வேலையாட்களை மேற்பார்வை பார்ப்பவரைக் குறித்த சொல். பேச்சில் கங்காணி ஆகி, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயா ரப்பர் தோட்டங்களுக்கும் நம் ஆட்களோடு கப்பலேறியது. ஆங்கிலேயர்கள்கூட அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கங்காணி வெளியாள் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பல சமயம் அதே ஊர், அதே சாதி, சொந்தக்காரர். அவர்தான் ஆள் சேர்த்துக் கூட்டிப்போனார், அவர்தான் முன்பணம் கொடுத்தார், அவர்தான் யார் வேலைக்கு வந்தார்கள் என்று எண்ணினார். தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் காசு. நெருக்கமானவர் என்பதால்தான் அவரால் அவ்வளவு நன்றாகப் பார்க்க முடிந்தது.

இன்னொரு சொல், பார்த்துக்கொள்வது. ‘குழந்தையைக் கண்காணி’ என்றால் குழந்தை என்ன செய்கிறது என்று பார் என்று பொருள். ‘குழந்தையைப் பார்த்துக்கோ’ என்றால் குழந்தைக்கு என்ன வேண்டுமோ அதை நீ செய் என்று பொருள். இரண்டிலும் கண் ஒன்றுதான், ஆனால் வேலை யாருக்கு என்பது மாறிவிடுகிறது. ‘கொள்’ என்ற துணைவினை அந்த வித்தியாசத்தைச் செய்கிறது. வாங்கிக்கொள், ஏற்றுக்கொள், எழுதிக்கொள் என்று செய்பவரை நோக்கியே செயலைத் திருப்பிவிடும் சொல் அது. பார்த்துக்கொள்ளும்போது பாரம் பார்ப்பவர் மேல் ஏறுகிறது. கண்காணிக்கும்போது பார்க்கப்படுபவர் மேல் இறங்குகிறது.

நான் இந்தக் கட்டுரையில் சொல்ல விரும்புவது இவ்வளவுதான்: ஒரு குழந்தையைப் பார்ப்பது அக்கறையா இல்லையா என்று தெரிய, எத்தனை முறை பார்க்கிறோம், எவ்வளவு துல்லியமாகப் பார்க்கிறோம் என்பதைக் கேட்டுப் பயனில்லை. பார்த்த பிறகு கவலை யாரிடம் தங்குகிறது என்று கேட்க வேண்டும்.

என் ஆயாவை நினைத்துக்கொள்கிறேன். சனிக்கிழமை காலையில் முற்றத்தில் மணை போட்டு உட்காரவைத்து உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்ப்பாள். காதுமடலின் பின்பக்கம், விரலிடுக்கு, நகம் எதுவும் தப்பாது. டாக்டர்கள் முழுத்தோல் பரிசோதனை என்று சொல்வதை அவள் வாரத்துக்கு ஒருமுறை செய்தாள். “இது போன வாரம் இல்லையே” என்பாள், எங்கே இடித்துக்கொண்டாய் என்று கேட்பாள், கேட்டுக்கொண்டே சீயக்காயைக் கரைப்பாள். அவள் கையில் என் முதுகு ஒரு ஆய்வுப்பொருளாக இருந்ததில்லை. கண்ணில் எண்ணெய் இறங்கியதுதான் எனக்கு இருந்த ஒரே கவலை.

ஆயாவை நான் மருத்துவருக்கு மாற்றாக வைக்கவில்லை. நகத்தடியில் ஒரு கறுப்புக் கோடு வந்திருந்தால் அவளுக்கு அதன் அர்த்தம் தெரிந்திருக்காது. முதுகில் புதிதாக ஒன்று வந்தால் ‘ராஜயோகம்’ என்று சொல்லியிருக்கவும் கூடும். உள்ளங்கையைவிடப் பெரிதான பிறவி மச்சத்தோடு பிறக்கும் குழந்தைகள் உண்டு. அவர்களுக்கு ஆபத்து நிஜமாகவே அதிகம், மருத்துவர் சொன்ன கால இடைவெளியில் போய்க் காட்டத்தான் வேண்டும். அவர்களுக்கும் என் மகளுக்கும் ஒரே அட்டவணை போட முடியாது. யாருக்கு எவ்வளவு பார்வை தேவை என்பதைத் தெரிந்தவர் சொல்ல வேண்டும். அந்தப் பார்வையை எப்படிப் பார்ப்பது என்பதை ஆயாவிடம் கற்றுக்கொள்ளலாம்.

*

இதற்கு ஒரு வலுவான மறுப்பு இருக்கிறது. லட்சத்தில் ஒன்று என்பது அந்த ஒன்றுக்கு ஆறுதல் இல்லை. நாளைக்கே ஏதாவது ஆகிவிட்டால், ‘புள்ளியியல்படி நான் செய்தது சரி’ என்று எந்த அப்பாவாலும் சொல்லிக்கொள்ள முடியாது. தேவையில்லாமல் பார்த்ததால் வரும் கஷ்டம் 5,000 வீடுகளில் சில்லறையாகச் சிதறிவிடும். பார்க்காமல் விட்டால் மொத்தமும் ஒரே வீட்டில் விழும். இதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு எனக்கு வருவது இந்த மறுப்புதான்.

ஆனாலும் யோசிக்கும்போது ஒன்று தோன்றுகிறது. இந்த மறுப்பு மகளைப் பற்றியதாகத் தொடங்கி என்னைப் பற்றியதாக முடிகிறது. பின்னால் என்னை நானே குற்றம் சொல்லிக்கொள்ளாமல் இருக்க ஒரு ஆவணம் வேண்டும் என்கிறது. அந்த ஆவணத்துக்காக இன்று ஜன்னலோரம் நிற்பது அவள். அவளுக்கு உண்மையிலேயே ஏதாவது வந்தால் அதை முதலில் உணரப்போவதும் என் கேமரா இல்லை. அரிக்கிறது, எரிகிறது, சட்டையில் ரத்தம் படுகிறது என்று அவள்தான் சொல்லப்போகிறாள். தன் உடம்பைப் பற்றி என்னிடம் சொல்ல அவளுக்குத் தயக்கமே இருக்கக் கூடாது. என்னால் செய்ய முடிந்த மிக நல்ல முன்னெச்சரிக்கை அதுதான். உடம்பைக் காட்டினால் அப்பா முகம் எப்படி மாறுமோ என்று பயப்படும் குழந்தை சொல்லாது. என் தொழிலில் சொல்வதென்றால், நாம் தோண்டித் தோண்டி எடுக்கும் பதிவைவிட, தானாக வந்து சொல்லும் சிஸ்டம் நம்பகமானது.

ஆகவே இப்போதைக்கு என் நிலை இது. டாக்டர் சொன்ன வருடத்துக்கு ஒரு படம் இருக்கும், பக்கத்தில் ஸ்கேலோடு. மிச்சப் பார்வை எண்ணெய்க் குளியலில் நடக்கும். அவளுக்கு விவரம் தெரியும் வயதில் அந்தப் படங்கள் அவளுடையவை. வைத்துக்கொள்வதா அழிப்பதா என்று அவள் முடிவெடுக்கட்டும். பார்த்துக்கொள்வது என்பது ஒருநாள் ‘நீயே பார்த்துக்கோ’ என்று சொல்லிக் கொடுத்துவிட வேண்டிய வேலையும்தான்.

அன்று ராத்திரி அவள் கேட்டதற்கு நான் சொன்ன பதிலையும் எழுதிவிடுகிறேன். “மச்சத்துல நல்லது கெட்டதுன்னு ஒண்ணும் இல்ல பாப்பா. எல்லாருக்கும் வரும், போகும். உனக்கு அங்க வலிச்சாலோ அரிச்சாலோ சொல்லு, அப்பா பார்த்துக்கறேன்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

“அவளுக்கு அரிச்சா யாரு பார்த்துப்பாங்க?”

“அவங்க அம்மா அப்பா பார்த்துப்பாங்க.”

“அவங்களுக்குத் தெரியலன்னா?”

“நம்ம சொல்லலாம்.”

“அதுக்கு நான் பார்க்கணும்ல?” என்றாள். அதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. அவள் கேட்டது சரியான கேள்வி. கையைப் பிடித்துத் திருப்பாமல் ஒருத்தரைப் பார்ப்பது எப்படி என்பதை நானும் அவளும் சேர்ந்துதான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.